பிறவி வளைவு

ஜனவரி 8

அன்புத் தங்கைக்கு,

அண்ணன் எழுதுவது. அண்ணியின் முழங்கால் வலியைத் தவிர இங்கே எல்லாம் நலம். என் காது அப்படியேதான் இருக்கிறது. முப்பது வருஷம் தகரத்தை அடித்த காது இதற்குமேல் என்ன கேட்கும்? நீ போனில் பேசினால் யாரோ பக்கெட்டை உருட்டுகிற மாதிரி இருக்கிறது. அதனால் எப்போதும்போல் கடிதம்தான். மாப்பிள்ளை எப்படி இருக்கிறார்? உன் மகள் வாலு பள்ளிக்கூடத்துக்கு ஒழுங்காகப் போகிறாளா?

கார் நேற்றுக் காலை லாரியில் வந்து இறங்கியது. மாப்பிள்ளையின் அப்பா வாங்கிய கார் என்பதால் கொஞ்சம் மரியாதையோடுதான் தார்ப்பாயை விலக்கினேன். இரண்டு உருண்டை விளக்குகளும் உள்ளே போய்க் கிடக்கின்றன. பானெட் கூரை மாதிரி தூக்கி நிற்கிறது. இரண்டு வருஷம் ஷெட்டில் கிடந்ததில் எலி வேறு குடும்பம் நடத்தியிருக்கிறது. பயப்படாதே, இதைவிட மோசமானதையெல்லாம் நிமிர்த்தியிருக்கிறேன்.

ஒன்று மட்டும் தெரிய வேண்டும். எங்கள் வேலையில் ஒரு முறை உண்டு. கடைசியாக விழுந்த ஒடுக்கை முதலில் எடுக்க வேண்டும், முதலில் விழுந்ததைக் கடைசியில். வரிசை மாறினால் இரும்பு முரண்டு பிடிக்கும். அதனால் வண்டி எப்படிப் போய் எப்படி மோதியது என்று எழுது. மாப்பிள்ளையிடம் கேட்டால், டிரைவிங் ஸ்கூல் நடத்தியவனிடமே கேள்வியா என்பார். அன்றைக்குப் பக்கத்து சீட்டில் இருந்தவள் நீதானே.

உன் பதிலைப் பார்த்துத்தான் சுத்தியலைத் தொடுவேன்.

உன் அண்ணன்


ஜனவரி 21

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. நாங்கள் மூவரும் சுகம். அண்ணியை மாடிப்படி ஏற விடாதீர்கள். இங்கே உங்கள் மாப்பிள்ளைக்குப் புதிதாக ஏதோ மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். சத்து மாத்திரைதான், வேளை தவறாமல் சாப்பிட வேண்டுமாம்.

நீங்கள் கேட்டது. பாலத்துக்குப் பக்கத்தில் வரும்போது ஒரு நாய் குறுக்கே ஓடி வந்தது. கறுப்பு நாய். அவர் சட்டென்று ஸ்டியரிங்கை இடது பக்கம் ஒடித்தார். வண்டி பாலத்துச் சுவரில் போய் மோதியது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். அவ்வளவுதான்.

அண்ணா, இன்னொன்று சொல்கிறேன், சிரிக்கக் கூடாது. வண்டி சரியாகி வந்தால் அவர் ஓட்டுவார். வாலு இப்போதே முன்சீட் எனக்குத்தான் என்று சொல்லிக்கொண்டு திரிகிறாள். அவளை எப்படி ஏற்றி அனுப்புவேன்? ரோட்டில் நாய்களுக்கா பஞ்சம்? காரைப் பழுது பார்க்க அனுப்ப வேண்டாம் என்று அவரிடம் எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. நீங்களாவது அவசரப்படாமல் நிதானமாகச் செய்யுங்கள். ரொம்ப நிதானமாக.

அண்ணிக்கு என் அன்பு.

உங்கள் தங்கை


பிப்ரவரி 20

அன்புத் தங்கைக்கு,

இங்கே அனைவரும் நலம். அண்ணி மாடிப்படி ஏறுவதில்லை, என்னை ஏறி இறங்க வைக்கிறாள்.

வேலை நன்றாகப் போகிறது. பானெட்டும் இரண்டு மட்கார்டுகளும் நிமிர்ந்துவிட்டன. கையால் தடவினால் ஒடுக்கு இருந்த இடம் எனக்கே தெரியவில்லை. அடிச்சட்டமான சேஸிஸின் முன்முனை இரண்டையும் சங்கிலி போட்டு இழுத்து நேராக்கினேன். அங்கேதான் கொஞ்சம் குழம்பிப்போனேன். இரண்டு முனையும் ஒரே அளவு உள்ளே போயிருந்தன. நூல் பிடித்துப் பார்த்தேன், இம்மி வித்தியாசமில்லை. இடது பக்கம் ஒடித்து மோதிய வண்டி ஒரு பக்கம்தானே கூடுதலாக நசுங்க வேண்டும்?

அப்புறம் அடியில் படுத்துப் பார்த்தேன். ஸ்டியரிங் ஆர்ம் என்று ஒன்று உண்டு. நீ ஸ்டியரிங்கைத் திருப்பினால் சக்கரத்தைத் திருப்புகிற இரும்பு அதுதான். உன் முழங்கை அளவு இருக்கும், சக்கரத்துக்கு ஒன்றாக இரண்டு. வலது பக்கத்து ஆர்ம் நேராக இருந்தது. இடது பக்கத்து ஆர்ம் நன்றாக வளைந்திருந்தது. நீ எழுதியது சரிதான், இடது பக்கம்தான் ஒடித்திருக்கிறார் என்று நிம்மதியானேன். இந்த மாடலில் நான் இதுவரை கை வைத்ததில்லை. ஆனாலும் கழற்றி, செக்கச்செவேலென்று காய்ச்சி, வலது பக்கத்துக்கு ஜோடியாக நிமிர்த்திவிட்டேன். அழகாக வந்தது. மாப்பிள்ளையிடம் சொல், மச்சான் கைக்கு இன்னும் வயதாகவில்லை என்று.

இனி பெயின்டர் கையில் இருக்கிறது. அவனுக்கு நிதானத்தை நீ சொல்லித்தர வேண்டியதே இல்லை.

உன் அண்ணன்


மார்ச் 11

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். நலமாக இருங்கள்.

உங்கள் கடிதத்தை அவரிடம் படித்துக் காட்டினேன். ஆர்ம் வளைந்திருந்தது என்ற இடத்தில், “அப்படியா” என்று மட்டும் சொன்னார். பிறகு அதையே இன்னொரு தரம் படிக்கச் சொன்னார்.

இப்போது கார்ச் சாவி எப்போதும் அவர் சட்டைப்பையில்தான். ஹாலில் நாற்காலியில் உட்கார்ந்து காலால் கிளட்சை மிதித்துப் பழகுகிறார். வாலு பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, “சார், ரைட்ல கை காட்டுங்க” என்கிறாள். ஊரில் பாதிப் பேருக்கு லைசென்ஸ் வாங்கிக் கொடுத்தவருக்கு இவள் பாடம் நடத்துகிறாள். இரண்டு வருஷமாகச் சிரிக்காத மனுஷன் சிரிக்கிறார். நானும் சமையலறையில் இருந்தபடி சிரித்துவிட்டு, பிறகு அடுப்பைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

நேற்று அவர் காபி குடிக்கும்போது கண்ணாடி டம்ளர் கை தவறி விழுந்தது. பாதிப் பேச்சில் இருந்தார். வேறொன்றுமில்லை. புது டம்ளர் வாங்க வேண்டும்.

பெயின்ட் இரண்டு கோட்டா, மூன்று கோட்டா? பழைய காருக்கு நான்கு கோட் அடித்தால்தான் நன்றாக இருக்கும் என்று ஒருவர் சொன்னார்.

உங்கள் தங்கை


ஏப்ரல் 30

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதத்துக்கு உடனே எழுத முடியவில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை. அண்ணியும் நலம்தான்.

காரில் ஒரு சின்ன வேலையை மறுபடி செய்ய வேண்டியிருக்கிறது. பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் நாள் பிடிக்கும். மாப்பிள்ளை கேட்டால் பெயின்டர் மேல் பழியைப் போட்டுவிடு, அவனுக்குப் பழகிப்போனதுதான்.

ஒன்று கேட்க வேண்டும். அந்த நாய் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது? அவர் ஸ்டியரிங்கை எவ்வளவு ஒடித்தார்? வண்டி திரும்பிய பிறகு மோதியதா, திரும்பும்போதே மோதியதா? நீ கண்ணை மூடியது எப்போது? யோசித்து எழுது. சும்மா கேட்கவில்லை.

உன் அண்ணன்


மே 16

அன்புள்ள அண்ணனுக்கு,

அனைவரும் சுகம். வாலு பரீட்சை எழுதி முடித்துவிட்டாள். கணக்கில் மட்டும் கடவுள் விட்ட வழி. அண்ணியின் முழங்காலுக்கு ஒரு தைலம் அனுப்பியிருக்கிறேன், சூடு பறக்கத் தேய்க்கச் சொல்லுங்கள். இங்கே வெயில் தாங்கவில்லை. பக்கத்து வீட்டில் மாடி கட்டுகிறார்கள், ஒரே தூசி.

நாய் நாய்தான், அண்ணா. இரண்டு வருஷத்துக்கு முந்தைய நாயை இப்போது எதற்குக் கிளறுகிறீர்கள்?

கார் முடியாவிட்டால் பரவாயில்லை. உண்மையாகவே பரவாயில்லை. ஆனால் அவர் பொறுமை இழந்துவிட்டார். தெரிந்த லாரிக்காரர் ஒருவர் அடுத்த மாதம் உங்கள் பக்கம் வருகிறாராம். பெயின்ட் பாக்கி இருந்தால் இங்கேயே அடித்துக்கொள்கிறேன், வண்டியை ஏற்றி வாருங்கள் என்று அவரிடம் சொல்லிவிட்டார். ஏதாவது சொல்லித் தடுத்து வையுங்கள். என்ன சொல்வதென்று உங்களுக்குத் தெரியாதா?

உங்கள் தங்கை


ஜூன் 4

தங்கைக்கு,

நலம் விசாரிப்பதெல்லாம் பிறகு. முதலில் இதைப் படி. படித்ததும் சாவியை வாங்கி வைத்துக்கொள். மாப்பிள்ளை அந்த வண்டியை ஓட்டக் கூடாது.

நேற்று நான் காது டாக்டரிடம் போயிருந்தேன். அந்த நேரம் பார்த்து லாரிக்காரர் வந்திருக்கிறார். மாப்பிள்ளை அனுப்பினார் என்றதும் அண்ணி கதவைத் திறந்துவிட்டாள். திரும்பி வந்து பார்த்தால் வண்டி நின்ற இடத்தில் எண்ணெய்க் கறைதான் இருந்தது. அண்ணியை விட்டு உடனே போன் பண்ணச் சொன்னேன். மாப்பிள்ளைதான் எடுத்தாராம். “ஒருதரம் பாத்துட்டு அப்புறம் ஓட்டச் சொன்னாருங்க” என்றிருக்கிறாள். “மச்சானுக்கு எப்பவும் பயம்தான், நான் பாத்துக்கறேன்” என்று சிரித்தாராம். இன்று காலையிலிருந்து லைனே கிடைக்கவில்லை. அவள்மேல் தப்பில்லை. என்ன கோளாறு என்று அவளிடம்கூட நான் சொல்லவில்லை. வெட்கம்.

கோளாறு இதுதான். ஏப்ரலில் சக்கரங்களை மாட்டித் திருப்பிப் பார்த்தபோது, நான் நிமிர்த்திய ஆர்மோடு சேர்ந்த கம்பி எஞ்சினின் எண்ணெய்த் தொட்டியில் உரசியது. ஏனென்று புரியாமல் மூன்று வாரம் மண்டையை உடைத்துக்கொண்டேன். மே மாதத் தொடக்கத்தில் அதே மாடல் கார் ஒன்று கதவு வேலைக்கு வந்தது. முன்பக்கம் ஒரு கீறல்கூடப் படாத கார். அடியில் படுத்துப் பார்த்தேன். அதிலும் இடது ஆர்ம் வளைந்திருந்தது. எண்ணெய்த் தொட்டிக்கு இடம் விடுவதற்காகச் செய்யும்போதே வளைத்திருக்கிறார்கள். பிறவி வளைவு. பழுதே இல்லாத இரும்பைக் காய்ச்சி நிமிர்த்திவிட்டு உனக்குப் பெருமையாகக் கடிதமும் எழுதியிருக்கிறேன்.

மறுபடி காய்ச்சிப் பழையபடி வளைத்தேன். பிறகு மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் துடைத்து, சுண்ணாம்புப் பொடி தூவினேன். இரும்பில் வெடிப்பு இருந்தால் உள்ளே போன எண்ணெய் கசிந்து பொடியில் கோடு காட்டும். காட்டியது. வளைவின் உள்பக்கம் அரை அங்குலத்துக்கு மயிரிழை போல் ஒரு கோடு. வேறு ஆர்ம் கிடைக்கும்வரை வண்டியைப் பெயின்டர் தள்ளிக்கொண்டு போனால் போதுமென்று அதையே மாட்டி வைத்திருந்தேன். அந்த ஆர்ம்தான் இப்போது உன் வீட்டு வாசலில் நிற்கிறது. அது ஒடிந்தால் ஸ்டியரிங்கை எந்தப் பக்கம் திருப்பினாலும் வண்டி கேட்காது.

இன்னொன்று. சேஸிஸ் இரண்டு பக்கமும் ஒரே அளவு நசுங்கியிருந்தது. ஆர்மின் வளைவு மோதியதால் வந்ததில்லை. அப்படியென்றால் சக்கரம் திரும்பவே இல்லை. அந்தக் கார் நேராகப் போய்ச் சுவரில் மோதியிருக்கிறது. நான் என் கண்ணைவிட உன் கடிதத்தை நம்பினேன். இப்போதாவது சொல், என்ன நடந்தது?

எனக்குச் சோறு இறங்கவில்லை. உடனே பதில் போடு.

அண்ணன்


ஜூன் 12

அன்புள்ள அண்ணனுக்கு,

மூவரும் உயிரோடு இருக்கிறோம். அதை முதலில் எழுதிவிடுகிறேன், நீங்கள் சாப்பிடுங்கள்.

உங்கள் கடிதம் முந்தாநாள் வந்தது. அதற்கு முந்தின நாள் காலையில் அவர் வண்டியை எடுத்துவிட்டார். நான் குளித்துக்கொண்டிருந்தேன். வெளியே வந்தபோது வாலு முன்சீட்டில் உட்கார்ந்து கையாட்டிக்கொண்டிருந்தாள். ஈரத்தலையோடு கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தெருக்கோடி வரை போய், தண்ணீர்த் தொட்டியைச் சுற்றிக்கொண்டு திரும்பி வந்தார்கள். ஐந்து நிமிஷம் இருக்கும். இறங்கும்போது, “பாத்தியா, ஒண்ணும் ஆகல” என்றார். என்ன ஆகும் என்று நான் பயந்தேன் என்பதை அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

அண்ணா, நாய் இல்லை. அன்றைக்கு ரோட்டில் ஒரு ஈ காக்காய்கூட இல்லை. அவர் ஏதோ சொல்லிக்கொண்டு வந்தார், பாதியில் நின்றுவிட்டது. திரும்பிப் பார்த்தேன். கண் திறந்தே இருந்தது, ஆனால் அவர் அதில் இல்லை. கை ஸ்டியரிங்கில் அப்படியே இருந்தது. நான் கத்தினேன். வண்டி நேராகத்தான் போனது. ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும் நாய் வந்ததென்றார். நானும் ஆமாம் என்றேன். எத்தனை பேருக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். ஓட்டும்போது நினைவு தப்பிவிட்டது என்று அந்த மனுஷனிடம் நான் எப்படிச் சொல்வேன்? அந்த மாத்திரையும் சத்து மாத்திரை இல்லை. டம்ளரும் கை தவறி விழவில்லை.

என் பொய்யை நம்பித்தான் நல்ல இரும்பைக் காய்ச்சினீர்கள். வாலுவை அந்த வண்டியில் ஏற்றியது நான்தான். 

உங்கள் கடிதத்தில் ஆர்ம் பற்றிய இடத்தை மட்டும் அவரிடம் படித்துக் காட்டினேன். சேஸிஸ் பற்றியதைப் படிக்கவில்லை. முழுதும் கேட்டார். பிறகு சாவியை எடுத்து என் கையில் கொடுத்தார். “புது ஆர்ம் வர்ற வரைக்கும் உன்கிட்ட இருக்கட்டும்” என்றார். இரண்டு வருஷமாக நான் தேடிய சாக்கை நீங்கள் செய்த தப்பு கொடுத்துவிட்டது. அதனால் உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன். புது ஆர்ம் சீக்கிரம் கிடைக்க வேண்டாம்.

உங்கள் தங்கை


ஜூன் 20

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதத்தை அண்ணியிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னேன், என் கண்ணாடி நனைந்துவிட்டது. வாலுவை நினைத்து அண்ணி முழங்கால் வலியைக்கூட மறந்துவிட்டாள்.

உன்மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. மோதியது எப்படி என்று டாக்டரிடம் மறைக்கலாம், டிங்கரிடம் மறைக்கலாமா? ஆனால் நானும் ஒரு மாதம் உன்னிடம் மறைத்தேன். எந்த வாயால் உன்னைத் திட்டுவது? ரெண்டு பேரும் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள்தான்.

புது ஆர்ம் போன வாரமே கிடைத்துவிட்டது. மண்ணெண்ணெயில் போட்டுப் பார்த்தேன், ஒரு கோடு இல்லை. பட்டறைச் சுவரில் ஆணியில் மாட்டியிருக்கிறேன். மாப்பிள்ளை கேட்டு எழுதினால் கிடைக்கவில்லை என்று எழுதுவேன். இந்த வயதில் பொய் எழுத உட்கார்ந்தால் பேனா ஓடாது. ஆனாலும் எழுதுவேன். அவரை நல்ல டாக்டரிடம் கூட்டிப் போ. இதை மட்டும் நிதானமாகச் செய்யாதே.

உன் அண்ணன்


ஜூலை 3

மதிப்புக்குரிய மச்சானுக்கு,

மாப்பிள்ளை எழுதுவது. நான் உங்களுக்கு எழுதுகிற முதல் கடிதம் இது என்று நினைக்கிறேன். தாங்களும் அக்காவும் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன்.

இத்துடன் வரும் பார்சலில் அந்தப் பழைய ஆர்ம் இருக்கிறது. நானே கழற்றினேன். நீங்கள் எழுதியிருந்தபடி மண்ணெண்ணெயில் ஊறவைத்துப் பொடி தூவிப் பார்த்தேன். நீங்கள் பார்த்தது அரை அங்குலக் கோடு. நான் பார்த்தபோது வளைவைச் சுற்றி முக்கால் பங்கு ஓடியிருந்தது. என் மகளை ஏற்றிக்கொண்டு நான் போனது ஒரே ஒரு சுற்று. இதை உங்கள் தங்கையிடம் சொல்லவில்லை. தாங்களும் சொல்ல வேண்டாம்.

தங்கள் கடிதத்தை அவள் படித்துக் காட்டினாள். ஓர் இடத்தில் அவள் கண் நான்கு வரி தாண்டியது. இருபது வருஷம் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, ஓட்டுகிறவர் கண்ணைப் பார்த்தே பிரேக் போட்டவன் நான். அந்த நான்கு வரியில் என்ன இருந்திருக்கும் என்று யூகிக்க முடியாதா? ஆர்ம் வளைந்திருந்தது என்று மார்ச்சில் அவள் படித்தபோது எவ்வளவு சந்தோஷப்பட்டேன் தெரியுமா? அப்படியென்றால் நான் ஸ்டியரிங்கைத் திருப்பியிருக்கிறேன், நினைவோடு இருந்திருக்கிறேன் என்று நம்பினேன். அந்த நம்பிக்கையில்தான் வண்டியை வரவழைத்தேன். வளைவு பிறவியிலேயே உள்ளது என்றதும் சாவியைக் கொடுத்துவிட்டேன்.

புது ஆர்ம் கிடைத்திருந்தால் தங்களிடமே இருக்கட்டும். இன்னும் தேடுவதாக அவளுக்கு எழுதுங்கள். என்னை ஏமாற்றி வண்டியை நிறுத்திவிட்டதாக நினைத்துக்கொண்டு அவள் இப்போது நன்றாகத் தூங்குகிறாள். அடுத்த வாரம் டாக்டரிடம் போகிறோம். நான்தான் கிளப்பினேன்.

அன்றைக்கு எனக்கு ஒன்றுமே நினைவில்லை, மச்சான். ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும் போலீஸ்காரர் நின்றார். ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, நாய் குறுக்கே வந்தது என்றேன். “என்ன நாய்?” என்றார். நான் வாய் திறப்பதற்குள் பக்கத்துக் கட்டிலில் தலையில் கட்டோடு படுத்திருந்த உங்கள் தங்கை, “கறுப்பு நாய் சார்” என்றாள். நான் சொன்ன நாய்க்கு அவள் நிறம் சொன்னாளே, அப்போதே அவளுக்கு எல்லாம் தெரியும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

அக்காவின் முழங்காலுக்குத் தைலம் தீர்ந்திருந்தால் எழுதுங்கள், அனுப்பச் சொல்கிறேன்.

இப்படிக்கு,
மாப்பிள்ளை